பெட்டி அணைந்த நேரங்கள்

வேங்கிக்கால்,
10.10.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இந்த உறுதிமொழியை இயற்பியல் செய்முறை நோட்டின் கடைசித் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

நீ பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்த கம்ப்யூட்டர் ஜூலை மாதக் கடைசியிலிருந்து சரியில்லை. நான் ஏதாவது அடித்துக்கொண்டிருப்பேன். சொல்லாமல் கொள்ளாமல் திரை கறுத்துவிடும். உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு யாரும் தொடாமலே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடித்ததெல்லாம் போயிருக்கும். ஒரு நாளில் நான்கு முறைகூட இப்படி ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவிடம் சொன்னார். எனக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார். "போவும்போது உள்ள ஏதோ பண்ணி வச்சிட்டுப் போயிருக்கான். நாம தொடக்கூடாதுன்னு." அதற்கு அம்மா, "தொடுறது கவி மட்டுந்தானே, அவளுக்கா பண்ணுவான்?" என்றாள். அப்பா டிவிஎஸ் 50-க்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

மலையில் கார்த்திகை தீபம் ஏற்றிய மறுநாள் மூர்த்தி மாமா வண்டியோடு வந்து பெட்டியைப் போளூருக்கு, அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு, எடுத்துப் போகிறாராம். அப்பா முடிவு செய்துவிட்டார். தீபத்துக்கு இன்னும் நாற்பத்தேழு நாள் இருக்கிறது. பெட்டியும் போய்விட்டால் நீ திரும்பி வருவதற்கு இந்த வீட்டில் உன்னுடையது என்று என்ன மிச்சம்? இதை எழுதலாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். விட்டுவிட்டால் முதல் பத்தியே பொய்யாகிவிடும்.

உனக்கு ஃபோன் செய்யக்கூடாது, நீ செய்தால் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உன் முகவரி உன் சிநேகிதர் கோபி அண்ணனிடமிருந்து அம்மாவுக்குக் கிடைத்தது. தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். அப்பா அப்போது கலெக்டர் ஆபீஸில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் இருப்பார்.

என்ன கோளாறு என்று சொல். சொன்னபடி செய்வேன்.

உன் தங்கை
கவிநிலா

*

சென்னை-2,
14.10.2004

கவி,

நான் உள்ளே எதையும் பண்ணி வைக்கவில்லை. அவ்வளவு தெரிந்திருந்தால் இந்தக் கடையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அடுத்தவன் பெட்டியில் தூசி தட்டிக்கொண்டிருக்க மாட்டேன். அவர் அப்படி நினைப்பார் என்று தெரியும். இருந்தாலும் படித்ததும் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

வீட்டை விட்டு வந்ததற்குக் காரணம் பெட்டி இல்லை. அன்றைக்கு நீ பள்ளியில் இருந்தாய், உனக்குத் தெரியாது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்துகொண்டிருந்தேன். எப்போதும் அப்படித்தானே செய்வேன். பாலிடெக்னிக் வேண்டாம், கடை வேலைக்குப் போகிறேன் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தத் தகட்டைப் பார்த்தார். "எல்லாத்தயும் தொறந்து போட்டுட்டுப் போறவன்டா நீ. மூடக் கத்துக்கினு அப்பறம் இந்த வீட்டுக்கு வா." இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் வரவில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கரண்ட்டைச் சந்தேகப்படு. ஸ்டெபிலைசர் முள் எங்கே நிற்கிறது என்று பார். மிக்ஸி, மோட்டார் ஓடும்போது அணைகிறதா என்று கவனி. அடுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே நீளமாகக் குத்தி நிற்கும் ராம் அட்டையை எடுத்து, அதன் பல்லை அழி ரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்து. தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கு. பிறகு ஒரு நோட்டுப் போடு. எத்தனை மணிக்குப் போட்டாய், எத்தனை மணிக்கு அணைந்தது, வீட்டில் வேறு என்ன ஓடியது, எல்லாம் எழுது. ஒன்று விடாதே.

வளவன்

*

வேங்கிக்கால்,
22.10.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோட்டுப் போட்டுவிட்டேன். ஐந்து பத்தி கிழித்து, கோடு போட்டு, மேலே தலைப்பும் எழுதினேன். சிலவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

16.10. மாலை 5.05 தொடக்கம். 5.27 அணைந்தது. மிக்ஸி ஓடியது. முள் 220.

17.10. காலை 10.00 தொடக்கம். 10.23 அணைந்தது. மிக்ஸி ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை. முள் 225. (அம்மா மேல் குற்றம் இல்லை.)

18.10. மாலை 6.10 தொடக்கம். 6.31 அணைந்தது. தானே எழுந்தது. 6.37, 6.41, 6.43 மறுபடி. காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்து உட்கார்ந்து படுப்பதைப் போல.

ராம் அட்டையை அப்பா ஆபீஸ் போன பிறகு எடுத்தேன். அழி ரப்பரில் கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. திரும்பப் பொருத்தி எல்லாவற்றையும் இருந்தபடியே மூடி வைத்துவிட்டேன். பலன் இல்லை.

இன்று ஆயுத பூஜை. அப்பா முதல் பொட்டை டிவிஎஸ் 50-க்கு வைக்கவில்லை, கம்ப்யூட்டருக்கு வைத்தார். போளூருக்கு அனுப்பப்போகும் பொருளுக்கு எதற்கு முதல் பொட்டு என்று அம்மா கேட்டாள். "கீற வரைக்கும் வைக்கணுமில்ல" என்றார்.

எனக்கு இப்போதெல்லாம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாடம் படிக்கும்போதும் காது அந்த 'டிக்'குக்காகக் காத்திருக்கிறது. வகுப்பில் கீர்த்தனா பேனா மூடியைச் சொடுக்கினால்கூட மணி பார்க்கிறேன். முப்பத்தைந்து நாள் இருக்கிறது.

நோட்டு முழுமையானது. விட்டுப்போனது ஒன்றும் இல்லை.

கவிநிலா

*

சென்னை-2,
27.10.2004

கவி,

நல்ல நோட்டு. எங்கள் முதலாளியிடம் காட்டினேன். "இந்தப் பொண்ண வேலைக்கு வச்சிட்டு உன்ன அனுப்பிடலாம்டா" என்றார்.

உன் நேரங்களைப் பார். ஆறிப்போன பெட்டி இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குகிறது. அணைந்து எழுந்ததும் ஆறு நிமிடம், நாலு, ரெண்டு என்று குறைகிறது. கரண்ட்டாக இருந்தால் இப்படி ஒழுங்காகக் குறையாது. சூடு. உள்ளே சூடு ஏறி, தாங்காத அளவு வந்ததும் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்கிறது.

ஆனால் மே மாதம் அதே பெட்டியில் நான் நாலு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வெயிலில் அணையாதது ஐப்பசியில் ஏன் அணைகிறது? அப்போது இல்லாத ஏதோ ஒன்று இப்போது இருக்கிறது. மேஜையையும் அதன் மேல் இருப்பதையும் வரைந்து அனுப்பு. உனக்கு முக்கியமில்லை என்று தோன்றுவதையும் வரை.

இன்னொன்று. நீ நோட்டுப் போடுவதைப் போல அந்தப் பெட்டியும் ஒரு நோட்டுப் போடுகிறது. திடீரென்று அணைந்த ஒவ்வொரு நேரத்தையும் அது தேதியோடு எழுதி வைத்திருக்கும். அதைத் திறக்கும் வழியைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பார்த்து எழுதி அனுப்பு. உன் நோட்டோடு வைத்துச் சரிபார்க்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

வளவன்

*

வேங்கிக்கால்,
3.11.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் பொய் சொல்லியிருக்கிறேன். நோட்டு முழுமையானது அல்ல.

நீ சொன்ன இடத்தைத் திறந்தேன். என் நோட்டில் உள்ள நேரங்கள் எல்லாம் அதில் இருந்தன. என் நோட்டில் இல்லாதவையும் இருந்தன. அக்டோபர் 16 விடியற்காலை 5.11. 17 விடியற்காலை 5.09. 18 விடியற்காலை 5.12. 19, 20, 21. ஆயுத பூஜை அன்று மட்டும் இல்லை.

அது எனக்குத் தெரியும், அண்ணா. செப்டம்பர் மாதத்திலிருந்தே தெரியும். அப்பா நாலரை மணிக்கு எழுந்து குளித்துவிட்டுக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்காருகிறார். நான் போர்வைக்குள் இருந்தபடி கேட்டிருக்கிறேன். முதலில் தொடக்க இசை, பிறகு அவர் தட்டும் சத்தம். அது நம்முடைய தட்டல் மாதிரி இருக்காது. ஆபீஸ் இயந்திரத்தில் அடிப்பதைப் போல ஓங்கி, ஒரே சீராக விழும். இருபது நிமிடம் கழித்து 'டிக்'. தட்டல் நின்றுவிடும். மறுபடி தொடக்க இசை வரும். அதற்குப் பிறகு அவர் தட்டுவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் பால் வாங்கப் போவார்.

ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தவளைப் பார்த்துவிட்டார். "இத யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத" என்றார். சரி என்றேன். அதனால்தான் நோட்டில் எழுதவில்லை. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் உனக்குக் கொடுத்த வாக்கும் ஒன்றோடொன்று மோதும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது இரண்டையும் மீறிவிட்டேன்.

இன்னும் இருக்கிறது. அவர் அடித்துக்கொண்டிருக்கும்போது அணைந்தவற்றில் பதினொன்றைக் கம்ப்யூட்டரே பாதியாக எடுத்து வைத்திருக்கிறது. அப்பா எதையும் சேவ் செய்ததே இல்லை என்று நினைக்கிறேன். தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது தாளில் இருக்கும், தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை அல்லவா? பாதியில் அணைந்ததால் தமிழ் எழுத்துரு போய்விட்டிருக்கிறது. ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒரு அர்த்தமும் இல்லாமல் தெரிகிறது. எழுத்துருவை மாற்றினால் தமிழாகிவிடும் என்று நீ முன்பு காட்டியிருக்கிறாய். நான் மாற்றவில்லை. அவர் எழுதியதை நான் படிப்பது தப்பு. ஆனால் புரியாமல் பார்த்து எழுதுவது படிப்பதாகாது என்று முடிவு செய்தேன். அதில் மிக நீளமானதை எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி, இரண்டு நாளாக எழுதினேன். நான்கு தாள். இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன செய்வது என்று நீயே முடிவு செய்.

மேஜைப் படமும் இருக்கிறது. பிள்ளையார் படம், பேனா டப்பா, ஸ்டெபிலைசர், மானிட்டர், சிபியு, அதன் ரெக்சின் கவர், எல்லாம் அளவெடுத்து வரைந்திருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

கவிநிலா

*

சென்னை-2,
9.11.2004

கவி,

படத்தை விரித்ததும் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அந்த ரெக்சின் கவர் எப்போது வந்தது? யார் போட்டது? கழுத்துவரை மூடி, பின்னால் ஒயர் வர மட்டும் ஓட்டை வைத்து, பெட்டி ஓடும்போதும் போட்டே வைத்திருக்கிறீர்களா? பின்னால் இருக்கும் ஃபேன் அந்த வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். மழைக்கோட்டு மாட்டிவிட்டு ஓடச் சொல்வதைப் போல இருக்கிறது. அதைக் கழற்று. பக்கத் தகட்டையும் கழற்று. வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

உன் நான்கு தாளைக் கடை மூடும் நேரத்தில் அடித்துப் பார்த்தேன். இரண்டே பிழைதான் செய்திருக்கிறாய். எழுத்துருவை மாற்றினேன். அவருடைய மற்றப் பத்தும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீ படிக்க மறுத்தது சரிதான். ஆனால் இதை நான் மட்டும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அனுப்புநர்: ச. ராஜமாணிக்கம், தட்டச்சர். பெறுநர்: செல்வன் ரா. வளவன். பொருள்: தாங்கள் ஜூன் திங்களில் இல்லம் நீங்கிச் சென்றமை - தொடர்பாக. பார்வை: தங்கள் தாயாரின் வாய்மொழிக் கோரிக்கைகள், பல நாளிட்டவை. மேற்காணும் பொருள் குறித்துத் தெரிவிக்கப்படுவதாவது: தங்கள் அறை நாள்தோறும் கூட்டப்பட்டு வருகிறது. தங்களது கணினி தூசி படாத வண்ணம் செங்கம் சாலையில் இருக்கை உறை தைப்பவரிடம் தனியே அளவு கொடுத்து உறை தைக்கப்பட்டுப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. மேலும், அன்றைய தினம் என்னால் கூறப்பட்ட சொற்கள்"

அவ்வளவுதான். அங்கே அணைந்துவிட்டது.

இருபத்தாறு வருஷம் மற்றவர்களுடைய கடிதத்தை அடித்தவர். தன் கடிதத்துக்கு வேறு பாஷை அவரிடம் இல்லை. ஒவ்வொரு விடியற்காலையும் இதே சொல்லுக்கு வந்து சேர்கிறார், அதற்குள் அவர் போட்ட கவரே அவரை நிறுத்திவிடுகிறது.

நான் படித்ததை அவரிடம் சொல்லாதே. கவரை மட்டும் கழற்று.

வளவன்

*

வேங்கிக்கால்,
17.11.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

கவர் ஜூலை 26-ஆம் தேதி வந்தது. அப்பா கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். அது எதையும் செய்யும் பொருள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு ஒயர்கூட இல்லையே. ராம் அட்டையை எடுத்த அன்று அதை நானே கழற்றி நானே மாட்டியிருக்கிறேன்.

அப்பா ஆபீஸில் இருக்கும்போது கழற்றிப் பார்த்தேன். மூன்று மணி நேரம் ஒரு 'டிக்' இல்லை. எழுந்து குதித்தேன், அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆறு மணிக்கு அப்பா வந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கவரை எடுத்து மறுபடி மாட்டினார், நான்கு மூலையையும் இழுத்துவிட்டார். மறுநாள் விடியற்காலை 5.10-க்கு 'டிக்'.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. நான் பகலில் கழற்றுவேன், அவர் மாலையில் மாட்டுவார். மூன்றாம் நாள் பொறுக்க முடியவில்லை. நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கம்ப்யூட்டர் எழுதிய நேரங்களை வைத்தேன். உனக்கு எழுதியதையும் சொன்னேன்.

அவர் நோட்டை ஆபீஸ் பதிவேட்டைப் பார்ப்பதைப் போல முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சுருக்கொப்பம் போட்டார். விடியற்காலை நேரங்கள் இருந்த பக்கத்தில் பேனா கொஞ்சம் நின்றது. அதிலும் போட்டார்.

"அவன் என்னா சொல்றான்?"

"கவரக் கழட்டச் சொல்றாருப்பா."

"பாக்காமலே எப்டித் தெரிஞ்சிதாம்?"

"நான் வரைஞ்சு அனுப்பினேன். அவரு எதுவும் பண்ணி வைக்கலப்பா. சூடு ஜாஸ்தியாவுது, அதான்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, "நா அடிச்சதயும் அனுப்பினியா?" என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் படிக்கவில்லை, பார்த்து எழுதினேன், அவ்வளவுதான் என்றேன். நீ படித்தாயா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். கவரைக் கழற்றவில்லை.

அன்றிலிருந்து விடியற்காலையில் அவர் கம்ப்யூட்டரில் உட்காருவதும் இல்லை. 'டிக்' இல்லாத விடியற்காலை இன்னும் மோசமாக இருக்கிறது. நான் செய்தது சரியா என்று தெரியவில்லை. இன்று காலை தீபத் திருவிழாக் கொடியேற்றம் முடிந்தது. மாமா 27-ஆம் தேதி காலையில் வருவதாக ஃபோன் செய்துவிட்டார்.

நீ வருவாயா?

கவிநிலா

*

சென்னை-2,
22.11.2004

கவி,

சரியா தப்பா என்று எனக்கும் தெரியவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நோட்டை ஒளித்து வைத்திருப்பேன். அதுதான் எனக்கும் உனக்கும் வித்தியாசம்.

தீபத்தன்று லீவு கேட்டிருக்கிறேன். முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கிடைத்தாலும் திண்டிவனம் ரோட்டிலேயே பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கூட்டத்தில் நடந்து வர வேண்டும். வந்தாலும் வாசலில் நின்று என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் வீட்டில் யாரிடமும் சொல்லாதே. ஆறு மணிக்கு மேல் வரவில்லை என்றால் வரமாட்டேன் என்று வைத்துக்கொள்.

வளவன்

*

வேங்கிக்கால்,
26.11.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ வருவாயா மாட்டாயா என்று தெரியாததால் இதை எழுதுகிறேன். வராவிட்டால் நாளைக்குத் தபாலில் போடுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன், மலை தெரிகிறது. தெருவில் நடந்து போகிறவர்கள் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வரி எழுதுவதற்குள் ஒரு முறை வாசலைப் பார்க்கிறேன்.

பிற்பகல் 4.10. அப்பா ஆபீஸில் போட்டிருந்த தீபத் திருவிழாப் பணி முடிந்து வீட்டுக்கு வந்தார். சட்டையைக்கூட மாற்றவில்லை. மேஜைக்குப் போய்க் கவரைக் கழற்றினார். மடித்தார். வெளியே போய் டிவிஎஸ் 50-இன் சீட்டில் போட்டுவிட்டு வந்தார். அது அங்கே சரியாகவே பொருந்துகிறது.

4.25. "அந்தத் தகட்ட எப்டி எடுக்கறது?" என்று கேட்டார். நான் ஸ்க்ரூ டிரைவர் கொடுத்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் பேனா டப்பா மூடியில் போட்டு வைத்தார்.

4.40. கம்ப்யூட்டர் தொடங்கியது. அப்பா அடிக்கிறார். நான் அதே அறையில்தான் இருக்கிறேன், போ என்று சொல்லவில்லை. திரையை நான் பார்க்கவில்லை.

5.02. அணையவில்லை. அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

5.11. அணையவில்லை. தட்டல் மட்டும் நின்றது. எந்தச் சொல்லில் நின்றிருக்கும் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குத் தெரியும். ஃபேன் சத்தம் கேட்கிறது.

5.19. மறுபடி தட்டுகிறார். ஓங்கி அடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடுகிறவரைப் போல அடிக்கிறார்.

5.36. "பெறுநர் முகவரி சொல்லு" என்றார். சொன்னேன். கதவு எண், தெரு, சென்னை-2. அடுப்படியில் அம்மா கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

5.44. "முடிஞ்சிது" என்றார். சேவ் செய்யச் சொல்லிக் கொடுத்தேன். "அடிச்சா இருக்காதா?" என்று கேட்டார். இருக்காது, நாம்தான் வைக்க வேண்டும் என்றேன். இரண்டு முறை செய்து பார்த்தார். நாளைக்கு மூர்த்தி மாமா வருவாரே என்றேன். "வரட்டும். தீபம் பாத்துட்டு சாப்ட்டுட்டுப் போவட்டும்" என்றார். பெட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

5.49. மலையில் தீபம் தெரியும்வரை நம் தெருவில் யாரும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள் அல்லவா, எதிர்வீட்டில் அணைத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரையும் அணைக்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். வெளிச்சம் எல்லாமே அணைய வேண்டும் என்றேன். எப்படி என்று காட்டினேன். அவர் கையால் அது அணைவது இதுதான் முதல் முறை. 5.51.

5.53. கேட்டின் கொக்கிச் சத்தம்.

தோளில் பையோடு ஓர் உருவம் வாசலில் நிற்கிறது. முகம் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள். அப்பா எழுந்து போனார். யார் என்று கேட்கவில்லை.

"கவர எடுத்துட்டேன்டா" என்றார்.

வாசலில் பையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு நீ கேட்டாய்.

"தகடு?"

"அதயும்."

இனி இதைத் தபாலில் போட வேண்டியதில்லை. ஆனாலும் தொடங்கியதை முடிக்கிறேன். மலையில் இன்னும் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் இருவரும் நிற்கும் இடம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, தாளும் தெரியவில்லை. நேரம் 5.56. விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டன.